கூடுதலாக ஒரு மணி நேரம்

பிப்ரவரித் திங்கள் பிறந்துவிட்டால் கிட்வாய் நகரின் முகமே மாறிவிடும். குளிர் முற்றும் விலகியிராது. ஆயினும் பூங்காவில் வெயில் காய்வோர் கூட்டம் குறையும். மாலையில் பந்தாடும் சிறுவர்களின் ஆரவாரம் அடங்கும். நள்ளிரவு கடந்த பின்னும் சில சன்னல்களில் விளக்கெரியும். ஒருவரையொருவர் காணும்போது நலம் உசாவுவதற்கு முன்னரே, ‘இவ்வாண்டு உங்கள் வீட்டில் யாருக்குத் தேர்வு?’ என்ற கேள்வி எழும். பழைய குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டு, அவை நின்ற இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. எனினும் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

மாறாததில் வியப்பில்லை. தில்லித் தமிழர்க்குத் தேர்வு என்பது வெறும் பள்ளிச் சடங்கன்று. நம்மவரில் மிகப் பலர் இந்நகருக்கு வந்து சேர்ந்த வழியே தேர்வுத்தாள் வழிதான். நிலம் வைத்திருந்தவரும் இல்லாதவரும், அக்கிரகாரத்தில் பிறந்தவரும் குடியானவர் தெருவில் பிறந்தவரும், ஒரு மேசையின் முன் அமர்ந்து மூன்று மணி நேரம் எழுதிய எழுத்தின் பயனாக இங்கே ஊதியமும் உறைவிடமும் பெற்றோம். நாங்களும் அவ்வாறே 2003ஆம் ஆண்டில், கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து, பி.ஏ. பட்டத்தையும் ஒரு தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மத்திய அரசின் எழுத்தர் பணிக்கு வந்து சேர்ந்தோம். எழுத்து எங்களுக்குச் சோறு போட்டது. எனவே எழுத்து வசப்படாத ஒருவனும் அறிவுடையவனாக இருத்தல் கூடும் என்பதை ஏற்க எங்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தின் கதையையே இங்கு எழுத முற்படுகின்றோம். இதனைப் படிக்கும் குடும்பங்களில் ஒன்றேனும் எங்களைவிட விரைவில் விழித்துக்கொள்ளுமாயின் அதுவே இக்கட்டுரையின் பயன்.

எங்கள் மகன் 2008ஆம் ஆண்டில் பிறந்தான். பேச்சில் படுசுட்டி. பாட்டி ஊரிலிருந்து வந்து தங்கும் நாட்களில், இரவு அவள் சொல்லும் பாரதக் கதையை மறுநாள் காலை ஒரு கிளைக்கதையும் விடாமல் எங்களுக்குத் திருப்பிச் சொல்வான். ஐ.என்.ஏ. அங்காடிக்கு அழைத்துச் சென்றால் காய் விலைகளைக் கேட்டு மனத்திலேயே கூட்டி, கடைக்காரர் சொல்லுமுன் தொகையைச் சொல்லிவிடுவான். அத்தகைய பிள்ளை புத்தகத்தைத் திறந்தவுடன் வேறொருவனாகிவிடுவான். ஒரு வரியைப் படிக்க ஐந்து நிமிடம். படித்த சொல்லே அடுத்த வரியில் வரும்போது அதனைப் புதிய சொல்லாகக் கண்டு விழிப்பான். ஆங்கிலத்தில் ‘பி’ எழுத்தும் ‘டி’ எழுத்தும் இடம் வலமாக மாறும். பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதும்போது பாதி வரி விடுபடும்.

மூன்றாம் வகுப்பில் ஆசிரியை எங்களை அழைத்தார். “வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?” என்பதே அவருடைய முதற் கேள்வி. தமிழ் என்றோம். “அதுதான் காரணம், ஓராண்டு காலம் வீட்டில் தமிழை நிறுத்திவையுங்கள்” என்றார். ஊரிலிருந்த உறவினரோ, ஒரே நேரத்தில் மூன்று மொழிகளைப் பிஞ்சு மூளையில் திணித்தால் எப்படித் தாங்கும் என்றனர். இரு தரப்பாரும் குற்றத்தை மொழியின் தலையிலேயே ஏற்றினர். நாங்களும் நம்பினோம். சில மாதங்கள் வீட்டில் அரைகுறை இந்தியும் ஆங்கிலமும் பேசிப் பார்த்தோம். அந்த மாதங்களில் அவனுடைய வாசிப்பு வளரவில்லை, பேச்சுத்தான் குறைந்தது. பாட்டியிடம் தொலைபேசியில் பேசக்கூடத் தயங்கினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அவனுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்க முயன்றபோதுதான் எங்களுக்கு முதல் ஐயம் எழுந்தது. வீட்டுமொழி தமிழாக இருப்பதுதான் தடை என்றால், தமிழையாவது அவன் எளிதில் படிக்க வேண்டும் அன்றோ? தமிழும் அதே பாடுதான். நமக்குப் பழகிப்போனதால் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘கெ’ என்னும் எழுத்தில் முதலில் ஒலிப்பது ககர மெய். ஆனால் முதலில் கண்ணுக்குத் தெரிவது அதன் இடப்பக்கத்துக் கொம்பு. ‘கொ’ என்பதிலோ குறி இருபுறமும் நிற்கிறது. இந்தியில் குறில் இகரக் குறி மெய்க்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துச் சொல்லுக்குச் சொல் வேறு ஒலி பெறுகிறது. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் முடிச்சு எளிதில் விழாத குழந்தைக்கு இம்மூன்றும் மூன்று வேறு காடுகள். எந்த ஒரு காட்டை விலக்கினாலும் அவனுக்கு வழி புலப்பட்டுவிடாது. ஏனெனில் இடர் காட்டில் இல்லை, முடிச்சில் இருக்கிறது.

2018ஆம் ஆண்டில், அவன் ஐந்தாம் வகுப்பில் படிக்கையில், அலுவலகத் தோழி ஒருவரின் வற்புறுத்தலால் உளவியலாளர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். மூன்று அமர்வுகள் நடைபெற்றன. அறிவுத்திறன் சோதனை, படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சோதனைகள். இறுதியில் ஆறு பக்க அறிக்கை ஒன்று கிடைத்தது. அறிவுத்திறனில் குறையில்லை, வாசிப்பும் எழுத்தும் இரண்டாம் வகுப்பு மாணவன் அளவில் உள்ளன, இது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதிலும் டிஸ்லெக்சியா என்பது அதன் சாரம்.

அந்தச் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதைப் பின்னர் அறிந்தோம். 1887இல் ருடால்ஃப் பெர்லின் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் அச்சொல்லை வழங்கினார். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். விளையாட்டில் எவருக்கும் சளைக்காதவன், கணக்கில் தேர்ந்தவன், ஆனால் எழுதப் படிக்க மட்டும் இயலாதவன் அச்சிறுவன். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் முதல்வனாக இருப்பான் என்பது அவன் ஆசிரியரின் கருத்து என்று அம்மருத்துவர் குறித்திருக்கிறார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எழுதப்பட்டது எங்கள் மகனைப் பற்றியே எழுதப்பட்டது போலிருந்தது.

இது கண்ணின் நோயன்று, சோம்பலுமன்று, வளர்ப்பின் பிழையுமன்று. பல மொழி பேசுவதால் விளைவதுமன்று. பிறவியிலேயே மூளை, ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் முறையில் உள்ள வேறுபாடு. பல குடும்பங்களில் வழிவழியாகவும் வருவது. இதற்கு மருந்தில்லை, ஒலி ஒலியாக, எழுத்து எழுத்தாகப் பொறுமையுடன் கற்பிக்கும் முறையே உண்டு. இதனை உளவியலாளர் விளக்கியபோது எங்கள் நினைவு சித்தப்பாவிடம் சென்றது. எட்டாம் வகுப்பில் மும்முறை தவறி, ஆசிரியரிடம் நாள்தோறும் பிரம்படி வாங்கி, ‘மக்கு’ என்ற பட்டத்துடன் பள்ளியை விட்டவர். பின்னாளில் மிதிவண்டிக் கடை வைத்தார். கழன்ற எந்தப் பொறியையும் கையில் எடுத்த மாத்திரத்தில் பூட்டிவிடுவார்; ஊர் முழுவதும் தர வேண்டிய பாக்கியை ஏடில்லாமல் நினைவில் வைத்திருப்பார். அவர் ஏன் கணக்கு எழுதுவதில்லை என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கும் அறிவு வந்தபோது அவர் உயிரோடில்லை.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். அந்த ஆறு பக்க அறிக்கையைப் பள்ளியில் கொடுக்கும்படி உளவியலாளர் சொல்லியிருந்தார். நாங்கள் கொடுக்கவில்லை. இரும்பு அலமாரியில், வீட்டு ஒதுக்கீட்டு ஆணைக்கும் காப்பீட்டுப் பத்திரத்துக்கும் அடியில் வைத்துப் பூட்டினோம். ‘குறைபாடு’ என்ற சொல் எங்களைச் சுட்டது. பள்ளிக்குத் தெரிந்தால் வகுப்புக்குத் தெரியும். வகுப்புக்குத் தெரிந்தால் குடியிருப்புக்குத் தெரியும். குடியிருப்புக்குத் தெரிந்தது கும்பகோணம் போய்ச் சேர எத்தனை நாளாகும்? தங்கைக்கு நாளை வரன் பார்க்கும்போது இந்தப் பேச்சு எழாதா? இவ்வாறெல்லாம் எண்ணினோம். தனிப்பயிற்சி வைத்தால் சரியாகிவிடும் என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறிக்கொண்டோம். விடியற்காலையில் எழுப்பிப் படிக்கவைத்தோம். கையும் நீண்டிருக்கிறது, அதை மறைப்பதில் பொருளில்லை.

ஏறத்தாழ மூன்றாண்டுகள் அக்காகிதம் அலமாரியில் உறங்கியது. அந்த மூன்றாண்டுகளில் எங்கள் அலுவல் வாழ்வு எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அகவிலைப்படி நிலுவையில் ஒரு மாதம் குறைந்தபோது விதி எண் காட்டி மனுக் கொடுத்தோம். விடுப்புப் பயணச் சலுகையில் ஓர் ஐயம் எழுந்தபோது பழைய குறிப்பாணைகளையெல்லாம் தேடிப் படித்தோம். தமக்குரிய உரிமையை ஒரு ரூபாயும் விட்டுக்கொடாத எழுத்தர்களாகிய நாங்கள், பெற்ற பிள்ளைக்கு அரசு என்ன உரிமை வழங்கியிருக்கிறது என்பதை ஒருமுறைகூடத் தேடவில்லை. உரிமையைக் கேட்க வேண்டுமானால் முதலில் குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு எங்களிடம் துணிவில்லை.

துணிவு வந்த வழி விந்தையானது. 2020இல் பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைபேசியில் நடந்தன. மற்றக் குழந்தைகள் திணறிய அந்நாட்களில் எங்கள் மகன் மலர்ந்தான். ஆசிரியர் பேசுவதைப் பதிவு செய்து இருமுறை கேட்பான். பாடநூலின் பக்கங்களைக் கைபேசியே உரக்கப் படித்துக் காட்டும் வழியொன்றையும் தானாகவே கண்டுபிடித்தான். ஒருநாள் இரவு, உணவு வேளையில், முகலாயர் ஆட்சியில் நிலவரி எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதைக் கால் மணி நேரம் எங்களுக்கு விளக்கினான். அதே பாடத்துக்கு அவன் எழுதியளித்த விடைத்தாளில் நாற்பதுக்கு ஆறு மதிப்பெண். அவன் பேசிய கால் மணி நேரத்தையும் அந்த ஆறையும் நாங்கள் அன்றிரவு நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். இரண்டில் ஒன்று பொய்யளவு என்பது தெளிவாயிற்று.

வள்ளுவர் ‘கல்வி’, ‘கல்லாமை’ ஆகிய அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’ என்ற அதிகாரத்தை வைத்திருக்கிறார். பள்ளி நாட்களில் இந்த வரிசையை மனப்பாடம் செய்ததன்றி அதன் கருத்தை நினைத்ததில்லை. நூலைக் கற்க இயலாதவனும் கேட்டறிய வேண்டும், தளர்ந்த வேளையில் அதுவே அவனுக்குத் துணையாகும் என்ற கருத்து அவ்வதிகாரத்தில் உண்டு. செவி வழியே வரும் அறிவையும் அறிவென்று ஏற்ற மரபில் பிறந்துவிட்டு, கண் வழியே வராததால் பிள்ளையை அறிவிலி என்று நினைத்தோமே என வெட்கினோம். மறுநாள் அலமாரி திறக்கப்பட்டது.

அதன்பின் எழுத்தர்கள் செய்யத் தெரிந்ததைச் செய்தோம், சட்டத்தைப் படித்தோம். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. மகாராஷ்டிர அரசு 1996இலேயே இத்தகைய மாணவர்க்குத் தேர்வுச் சலுகைகள் வழங்கத் தொடங்கியதும், சென்னையில் 1990களின் தொடக்கத்தில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றியதும், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சில சலுகைகளை அளித்துவந்ததும் உண்மையே. ஆயினும் அவை சலுகைகளாகவே இருந்தன. 2007ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த ‘தாரே சமீன் பர்’ என்ற இந்திப் படம் இக்குறைபாட்டை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. நாங்களும் அதனைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள்தாம். திரையில் கண்டு அழுதவர்களுக்குத் தம் வீட்டில் கண்டபோது அடையாளம் தெரியவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகைகள் இருபத்தொன்றாயின. அவற்றுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. படித்தலில் உள்ள டிஸ்லெக்சியா, எழுதுதலில் உள்ள டிஸ்கிராஃபியா, கணக்கில் உள்ள டிஸ்கால்குலியா முதலியன இதில் அடங்கும். இக்குறைபாட்டைக் குழந்தைகளிடம் இயன்றவரை விரைவில் கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் முறைகளை மேற்கொள்வதைக் கல்வி நிலையங்களின் கடமையாக 16ஆம் பிரிவு விதிக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2018 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் நெறிமுறைகள் கூடுதல் நேரத்துக்கு ஓர் அளவும் வகுத்தன: ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது இருபது நிமிடம். மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம்.

இவற்றைப் படித்தபோது எங்களுக்கு மகிழ்ச்சியை விட வேதனையே மிகுந்தது. நாங்கள் அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டிய நாளில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு கடந்திருந்தது.

உரிமை சட்டத்தில் இருப்பது வேறு. கைக்கு வருவது வேறு. தனியார் உளவியலாளரின் அறிக்கை போதாது, அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும் என்றனர். ஓர் அரசு மருத்துவமனையில் முதல் முறை சென்றபோது அப்பிரிவு வாரத்தில் ஒருநாள் மட்டும் என்றனர். இரண்டாம் முறை உரிய மருத்துவர் விடுப்பில் இருந்தார். மூன்றாம் முறை வேறு கட்டடம் என்றனர். ஆண்டின் தற்செயல் விடுப்பில் பெரும்பகுதி இதிலேயே கழிந்தது. 2022இல், அவனுடைய பதினான்காம் வயதில், சான்றிதழ் கிடைத்தது. 2018 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டு நெறிமுறைகளின்படி எட்டு வயது முதல் இச்சான்று வழங்கப்பட்டது. பதினான்கிலும் பதினெட்டிலும் மீண்டும் சோதித்துப் பெற வேண்டியிருந்தது. பதினெட்டில் பெறுவது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றிருந்தது. 2018இலேயே பெற்றிருக்கக்கூடியதை நான்காண்டு தாழ்த்திப் பெற்றோம்.

பள்ளியில் வேறொரு தடை. “பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறான்? இவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் மற்றப் பெற்றோர் அநீதி என்று சொல்ல மாட்டார்களா?” என்று பொறுப்பாளர் கேட்டார். அவர் கெட்டவரல்லர், எங்கள் மனத்திலும் ஒரு காலத்தில் இருந்த கேள்விதான் அது. விடையை மளிகைக் கடையில் கண்டோம். நாம் ஏனத்தை எடுத்துச் சென்று நெய் வாங்கும்போது, கடைக்காரர் முதலில் வெறும் ஏனத்தை நிறுத்து அதன் எடையைக் கழித்த பின்னரே நெய்யின் எடையைச் சொல்கிறார். அது நமக்குக் காட்டும் சலுகையா? கழிக்காவிட்டால் எடை தவறாகும் என்பதுதானே காரணம்? வரலாற்றுத் தேர்வு வரலாற்றறிவை நிறுக்க வந்தது. எழுத்தைக் கூட்டுவதில் ஆகும் நேரம் ஏனத்தின் எடை. அதனைக் கழிக்காமல் நிறுத்தால் முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்குரிய அறிவு ஆறாகத்தான் தெரியும். கூடுதல் நேரம் தராசைச் சரிசெய்கிறது; தட்டில் எதையும் அள்ளிப் போடுவதில்லை. தெரியாதவனுக்கு ஒரு மணி நேரமன்று, ஒருநாள் கூடுதலாகக் கொடுத்தாலும் விடை வரப்போவதில்லை. பொறுப்பாளரிடம் இதைச் சொல்லி, 17ஆம் பிரிவின் படியையும் இணைத்து, எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கினோம். ஒன்பதாம் வகுப்புப் பதிவில் அவன் பெயருக்கு நேரே உரிய குறிப்பு ஏறியது.

நீதிமன்றங்களும் இத்திசையில் நடந்துள்ளன. எழுதும்போது கை இறுகிப்போகும் நோயுள்ள ஓர் இளைஞர், குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்து உதவியாளர் கேட்டார். நாற்பது விழுக்காடு ஊனம் என்ற வரம்புக்குள் வராதவர் என்பதால் மறுக்கப்பட்டார். 2021 பிப்ரவரி 11 அன்று உச்சநீதிமன்றம், விகாஷ் குமார் வழக்கில், அவ்வுதவியை அந்த வரம்புக்குள் அடைத்துவைப்பது சட்டத்துக்குப் பொருந்தாது எனத் தீர்த்தது. நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அது. அதன் விளைவாக 2022 ஆகஸ்டு 10இல், வரம்புக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் நெறிமுறைகள் வந்தன. 2021 நவம்பரில் மற்றொரு வழக்கு. மருத்துவ நுழைவுத் தேர்வெழுதிய, டிஸ்கிராஃபியா உள்ள மாணவியிடம் கூடுதல் நேரம் தரப்படாமலே விடைத்தாள் பறிக்கப்பட்டது. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு ஒரு வாரத்தில் பரிகாரம் காணுமாறு தேர்வு முகமைக்கு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. தேர்வு நடத்துவோர் மறந்தாலும் சட்டம் மறப்பதில்லை என்பதற்கு இவை சான்று.

இத்தனைக்கும் பிறகு எங்களைக் கலக்கியது வேறொன்று. வாரிய விதிப்படி இரண்டு மொழிகளுக்குப் பதில் ஒரு மொழி எடுத்தால் போதும். மற்றொன்றுக்கு ஈடாக வேறு பாடம் எடுக்கலாம். எங்கள் மகன் படித்த மொழிகள் ஆங்கிலமும் தமிழும். மேற்படிப்புக்கு ஆங்கிலம் வேண்டும். விடப்படவேண்டியது தமிழ். இதனை ஒரு தமிழ்ச் சங்க மலரில் எழுதுவது எளிதன்று. மொழிக்காகவே நெடுந்தொலைவுப் பள்ளியைத் தேர்ந்தவர்கள் நாங்கள். விண்ணப்பத்தில் அக்கட்டத்தை நிரப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தோம். அவனே வந்து கேட்டான்: “அப்பா, எனக்குத் தமிழ் எழுதத்தானே வரவில்லை? பேச வருகிறதே! பாட்டி சொல்வதெல்லாம் புரிகிறதே! தேர்வில் எழுதாவிட்டால் நான் தமிழன் இல்லையா?” எங்களிடம் மறுமொழி இல்லை. எழுத்தறியாத எத்தனையோ பாட்டிமார் அல்லவா இம்மொழியை நமக்கு ஊட்டியவர்கள்! கட்டம் நிரப்பப்பட்டது. ஈடாக அவன் தேர்ந்தது மனையியல். ‘ஆண்பிள்ளைக்கு மனையியலா?’ என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு அடுத்த விடுமுறையில் அவன் வைத்த வத்தக்குழம்பு பதில் சொல்லியது. தேர்வுச் சுமை நீங்கிய பிறகு தமிழ் எழுத்தை மீண்டும் தொட்டான். இப்போது கடைப் பலகைகளை மெல்லக் கூட்டிப் படிக்கிறான். அஞ்சித் தொடாதிருந்ததை விரும்பித் தொட்டான் என்பதே எங்களுக்குப் போதும்.

2024 பிப்ரவரி இறுதியில் ஆங்கிலத் தேர்வு. காலை பத்தரைக்குத் தொடங்கியது. பிற்பகல் ஒன்றரைக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். வினாத்தாளை விரித்துப் பெற்றோர் கேள்வி கேட்க, பிள்ளைகள் தலையசைக்க, கால் மணி நேரத்தில் அந்தத் தெரு வெறிச்சோடியது. நாங்கள் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றோம். மகளை அழைத்துச் செல்ல வந்திருந்த எதிர்வீட்டு நண்பர், வேறோர் அமைச்சகத்தில் பணிபுரியும் திருநெல்வேலிக்காரர், எங்களைக் கண்டு அருகில் வந்தார்.

“என்ன சார், தம்பி இன்னும் வரவில்லையா?”

ஆறாண்டுகளாக இத்தகைய கேள்விகளுக்கு நாங்கள் பலவகைப் பொய்களைப் பழகி வைத்திருந்தோம். அன்று ஒன்றும் வாயில் வரவில்லை. “அவனுக்கு எழுத்துக் கூட்டுவதில் ஒரு குறைபாடு உண்டு சார். சட்டப்படி ஒரு மணி நேரம் கூடுதல். இரண்டரைக்குத்தான் வருவான்” என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மகளை மரத்தடிக் கல்லில் உட்காரச் சொல்லிவிட்டுத் தணிந்த குரலில், “ஊரில் என் தங்கை மகனுக்கும் இப்படித்தான் சார். வாயைத் திறந்தால் வக்கீல். புத்தகத்தைத் திறந்தால் ஊமை. நாலாம் வகுப்பு. நாள்தோறும் அடிதான். அந்தச் சட்டம் என்ன என்று சற்றுச் சொல்லுங்களேன்” என்றார். அந்த ஒரு மணி நேரமும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு பழைய உறையின் பின்புறத்தில் அவர் குறித்துக்கொண்டார். அலமாரியில் நாங்கள் பூட்டி வைத்திருந்தது எங்கள் மகனின் காகிதம் மட்டுமன்று என்பது அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மறைத்த ஒவ்வோர் ஆண்டும், எங்களைப் போலவே மறைத்துக்கொண்டிருந்த வேறொரு வீட்டுக்கும் கதவை அடைத்திருக்கிறோம்.

இரண்டரைக்கு அவன் வந்தான். விரலெல்லாம் மை. “கடைசிக் கேள்வி வரை எழுதிவிட்டேன்” என்றான். அதற்கு முன் எந்தத் தேர்விலும் அவன் கடைசிக் கேள்வியைக் கண்டதில்லை. மே மாதம் முடிவு வந்தபோது ஆங்கிலத்தில் ஐம்பத்து நான்கு. குடியிருப்பில் தொண்ணூறும் தொண்ணூற்றைந்தும் பெற்றவர்கள் பலர் இருந்தனர். அவர்கள் வீட்டு இனிப்பை மகிழ்ந்து உண்டோம். எங்கள் வீட்டு இனிப்பையும் கொடுத்தனுப்பினோம்.

இதனைப் படிக்கும் பெற்றோர்க்குச் சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றோம். பேச்சில் சுடராகவும் ஏட்டில் இருளாகவும் ஒரு குழந்தை இருக்குமாயின் அடிக்குமுன் ஐயுறுங்கள். மொழிகளின் மேல் பழி போடாதீர்கள். வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். எட்டு வயது நிறைந்தவுடன் சோதித்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பதிவுக்கு முன்னரே சான்றிதழைப் பள்ளியில் எழுத்து மூலம் கொடுங்கள்; படியும் கையொப்பமும் வைத்துக்கொள்ளுங்கள். நெறிமுறைகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. ஆகையால் தேர்வெழுதும் ஆண்டின் சுற்றறிக்கையைத் தேடிப் படியுங்கள். பள்ளி மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் முறையிடலாம். மத்திய அரசுப் பணியில் உள்ளவர்கள், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குக் கல்விப் படி இருமடங்காக உண்டு என்பதையும் மறக்க வேண்டா.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே ஒரு காகிதம் உறங்கிக்கொண்டிருந்தால், அதற்குரிய இடம் அதுவன்று.